டிஎக்ஸைக் கைவிடாதீர்கள்: இரண்டாம் செமஸ்டர் தொகை நுண்கணிதம்

பிளஸ் டூ முடித்து பி.எஸ்சி. கணிதம் சேர்பவர்களுக்கு முதல் செமஸ்டரில் வகை நுண்கணிதம் ஓரளவு கைவசப்பட்டுவிடும். சார்பு எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் விதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனால் விடை வந்துவிடும். இரண்டாம் செமஸ்டரில் தொகை நுண்கணிதம் வந்ததும் அந்தத் தெம்பு காணாமல் போகிறது. பெருக்கலுக்கென்று ஒரு விதி, வகுத்தலுக்கென்று ஒரு விதி என்று எதுவும் இங்கே கிடையாது. காஸ்(எக்ஸ்²) என்று பார்க்கச் சாதுவாக இருக்கும் சார்புக்குக்கூட, நமக்குத் தெரிந்த சாதாரணச் சார்புகளை வைத்துத் தொகை எழுத முடியாது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்தத் தாளில் வழக்கமாக வருபவை குறைப்புச் சூத்திரங்கள், பெர்னோலி சூத்திரம், இரட்டைத் தொகை, மும்மைத் தொகை, ஜேக்கோபியன், பீட்டா காமா சார்புகள். இவற்றை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பாடங்களாகத்தான் பெரும்பாலும் படிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சூத்திரப் பட்டியல் மனப்பாடம். ஆனால் விடைத்தாள்களில் மதிப்பெண் போகும் இடத்தைக் கவனித்தால், பெரும்பாலும் அது ஒரே இடமாகத்தான் இருக்கும். தொகைக் குறிக்குக் கடைசியில் நிற்கிற டிஎக்ஸ் (dx).

பள்ளியில் அதை முற்றுப்புள்ளி மாதிரி எழுதிப் பழகிவிடுகிறோம். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் 1675 அக்டோபர் 29 தேதியிட்ட கையெழுத்துப் பிரதியில், கூட்டுத்தொகை என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் முதல் எழுத்தை நீட்டி ∫ என்று எழுதினார். டிஎக்ஸ் என்ற வடிவம் அதே ஆண்டு நவம்பரில் வந்தது. ஆக, ∫ என்றால் 'கூட்டு'. எதைக் கூட்டுவது? உயரத்தை அகலத்தால் பெருக்கிய மெல்லிய பட்டைகளை. அந்த அகலம்தான் டிஎக்ஸ். அதை விட்டுவிட்டால் கூட்டுவதற்குப் பரப்பே இல்லை, வெறும் உயரங்கள்தான் மிஞ்சும். இந்த ஒன்று மனதில் பதிந்தால் தாளின் பாதி எளிதாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரதியிடலில் இருந்தே தொடங்கலாம். எக்ஸ் ÷ (1 + எக்ஸ்²) என்ற சார்பை 0 முதல் 2 வரை தொகையிட வேண்டும். யூ = 1 + எக்ஸ்² என்று வைத்தால் டியூ = 2எக்ஸ் டிஎக்ஸ். அதாவது எக்ஸ் டிஎக்ஸ் என்ற துண்டு முழுவதும் டியூ/2 ஆக மாறுகிறது. எக்ஸ் 0 ஆக இருக்கும்போது யூ 1. எக்ஸ் 2 ஆக இருக்கும்போது யூ 5. ஆகவே 1 முதல் 5 வரை ½ × (1/யூ) டியூ. விடை ½ லாக் 5 (இங்கே லாக் என்பது இயல் மடக்கை), ஏறக்குறைய 0.805.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். சார்பை யூவுக்கு மாற்றிவிட்டு லிமிட்டை 0, 2 என்றே விட்டுவிடுவது ஒன்று. அப்படிச் செய்தால் லாக் 0 என்று வந்து நிற்கும்; அந்த முட்டுச்சந்து உண்மையில் நல்லது, தவறு உடனே தெரிந்துவிடுகிறது. ½ விட்டுப்போவது மற்றொன்று. இது சத்தமில்லாமல் நடந்துவிடும். விடை லாக் 5, அதாவது 1.609 என்று பார்க்க ஒழுங்காகவே வரும். இதைப் பிடிக்க எளிய வழி தோராய மதிப்பீடு. அந்தச் சார்பு எக்ஸ் = 1 இல் 0.5 என்ற உச்சத்தைத் தொடுகிறது, அதற்கு மேல் போவதே இல்லை. அகலம் 2, உயரம் அதிகபட்சம் 0.5 என்றால் பரப்பு 1-ஐத் தாண்ட முடியாது. 1.609 தவறு என்று சொல்ல கால்குலேட்டர்கூட வேண்டாம். வரையறுத்த தொகை எதுவானாலும், கணக்கைத் தொடங்கும் முன் ஓரத்தில் 'விடை இதற்குள்தான்' என்று ஓர் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலைதான்.

காஸ்(எக்ஸ்²) டிஎக்ஸுக்கு விடையாக சைன்(எக்ஸ்²) ÷ 2எக்ஸ் என்று எழுதுவது இன்னொரு பரவலான தவறு. காஸ்(3எக்ஸ்) என்றால் சைன்(3எக்ஸ்) ÷ 3 என்பது சரி. அந்தப் பழக்கத்தை இங்கேயும் நீட்டிவிடுகிறார்கள். 3 ஒரு மாறிலி, தொகைக் குறிக்கு வெளியே எடுக்கலாம். 2எக்ஸ் மாறிலி அல்ல. எழுதிய விடையை வகுத்தல் விதிப்படி வகையிட்டுப் பாருங்கள்: காஸ்(எக்ஸ்²) வரும், கூடவே சைன்(எக்ஸ்²) ÷ 2எக்ஸ்² என்ற உறுப்பு எதிர்க்குறியோடு ஒட்டிக்கொண்டு வரும். அது வரக் கூடாதது. எக்ஸ் காஸ்(எக்ஸ்²) டிஎக்ஸ் என்று கேட்டிருந்தால் வெளியே நிற்கும் எக்ஸ் டியூவுக்குப் பயன்பட்டிருக்கும், விடை ½ சைன்(எக்ஸ்²) என்று சுலபமாக வந்திருக்கும். பிரதியிடலில் யூவைத் தேடுவதை விட, டியூவுக்குத் தேவையான துண்டு கணக்கிலேயே இருக்கிறதா என்று தேடுவதே சரியான வழி.

வேறு ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் என்பதைத் தொகையிட்டால் ஒருவருக்கு சைன்² எக்ஸ் வரும், அடுத்த பெஞ்சில் இருப்பவருக்கு −காஸ்² எக்ஸ் வரும், இன்னொருவருக்கு −½ காஸ் 2எக்ஸ் வரும். மூன்றும் சரி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மாறிலிதான் மிஞ்சும். புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒத்துப்போகவில்லை என்று சரியான விடையை அடித்துவிடும் முன் கழித்துப் பாருங்கள், அல்லது வகையிட்டுப் பாருங்கள்.

பகுதித் தொகையிடலைப் பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டிய இடத்தில் பெர்னோலி சூத்திரம் வேலையைக் குறைக்கிறது. எக்ஸ்² காஸ் 2எக்ஸ் என்றால் இடப்பக்கம் எக்ஸ்², 2எக்ஸ், 2, 0 என்று வகையிட்டுக்கொண்டே இறங்குங்கள். வலப்பக்கம் காஸ் 2எக்ஸைத் தொகையிட்டுக்கொண்டே இறங்குங்கள்: (சைன் 2எக்ஸ்)/2, −(காஸ் 2எக்ஸ்)/4, −(சைன் 2எக்ஸ்)/8. பிறகு கூட்டல், கழித்தல், கூட்டல் என்று குறி மாற்றிப் பெருக்குங்கள். கிடைப்பது ½ எக்ஸ்² சைன் 2எக்ஸ் + ½ எக்ஸ் காஸ் 2எக்ஸ் − ¼ சைன் 2எக்ஸ் + மாறிலி. இதில் தவறுவது குறிகள்தான். சூத்திரத்துக்கு ஒரு குறி உண்டு, சைன் காஸுக்குச் சொந்தமாக ஒரு குறி உண்டு. இரண்டையும் மனதிலேயே பெருக்கப் பார்த்தால் இரண்டாவது உறுப்பிலேயே சறுக்கும். வலப்பக்கத்து ஒவ்வொன்றையும் அதன் குறியோடு அடைப்புக்குள் போட்டு முதலில் ஒரு வரி எழுதுங்கள், அடுத்த வரியில் குறிகளைப் பெருக்குங்கள். ஒரு வரி மிச்சம் பிடிக்கப் போய் பத்து மதிப்பெண்ணை விடுவது வீண்.

இடப்பக்கம் 0-வில் முடிகிற கணக்குக்குத்தான் இந்த அட்டவணை. இ^எக்ஸ் காஸ் எக்ஸ் மாதிரிக் கணக்கில் அது முடியவே முடியாது. அங்கே இருமுறை பகுதித் தொகையிட்டு, வலப்பக்கம் திரும்பி வரும் அதே தொகையை இடப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முதல் முறை எதை வகையிட்டீர்களோ இரண்டாம் முறையும் அதே வகைச் சார்பைத்தான் வகையிட வேண்டும். மாற்றினால் 0 = 0 என்று தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

இந்த 'திரும்பி வந்ததை இடப்பக்கம் சேர்' என்ற உத்திதான் குறைப்புச் சூத்திரத்தின் உயிர். சைனின் என்-ஆவது அடுக்கை 0 முதல் பை/2 வரை தொகையிடும்போது ஒரு சைனைத் தனியே பிரித்து, டிஎக்ஸோடு சேர்த்துத் தொகையிடுகிறோம். மிச்சத்தை வகையிட்டால் காஸ்² வருகிறது; அதை 1 − சைன்² என்று மாற்றினால் (என் − 1) பங்கு பழைய தொகை எதிர்க்குறியோடு திரும்பி வருகிறது. இடப்பக்கம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆகவே மொத்தம் என். சூத்திரத்துப் பின்னத்தின் கீழே என் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இதுதான் பதில். என்-ஆவது தொகை என்பது (என் − 1)/என் மடங்கு (என் − 2)-ஆவது தொகை.

பயன்படுத்தும்போது இரட்டைப்படை அடுக்கு 0-வது தொகையில் போய் முடியும், அதன் மதிப்பு பை/2. ஒற்றைப்படை அடுக்கு 1-இல் முடியும், அதன் மதிப்பு 1. ஆறாவது அடுக்குக்கு 5/6 × 3/4 × 1/2 × பை/2 = 5பை/32, அதாவது 0.491. ஏழாவதுக்கு 6/7 × 4/5 × 2/3 = 16/35, அதாவது 0.457. ஐந்தாவதுக்கு 8/15, அதாவது 0.533. அடுக்கு ஏற ஏற மதிப்பு இறங்க வேண்டும், ஏனென்றால் 1-க்குக் குறைந்த எண்ணைப் பெருக்கப் பெருக்க அது சிறுக்கிறது. ஒற்றைப்படைக்குத் தவறாக பை/2 போட்டுவிட்டால் இந்த வரிசை உடைந்து தவறைக் காட்டிக்கொடுக்கும். ஒற்றைப்படை, இரட்டைப்படை மதிப்புகள் இப்படி ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போவதிலிருந்துதான், ஜான் வாலிஸ் 1656-இல் வெளியிட்ட பை/2-க்கான முடிவிலாப் பெருக்கலை இன்று வகுப்பில் நிறுவுகிறோம். ஒன்று மறக்க வேண்டாம்: இந்தக் குறுக்குவழி 0 முதல் பை/2 வரைக்கு மட்டும். 0 முதல் பை வரை என்றால் சைனுக்கு இரு மடங்கு. காஸின் ஒற்றைப்படை அடுக்குக்கோ 0.

இரட்டைத் தொகைக்கு வருவோம். இந்தத் தாளில் நேரம் செலவிட வேண்டிய இடம் இது. டிஎக்ஸ், டிஒய் என்று இரண்டு அகலங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமான லிமிட். இதில் 'தொகையிடும் வரிசையை மாற்றுக' என்ற கேள்வி தேர்வுக்குத் தேர்வு வரும். தவறு நடப்பது ஏறக்குறைய எப்போதும் ஒரே விதத்தில்: படம் வரையாமல், லிமிட்டுகளை அப்படியே இடம் மாற்றி எழுதிவிடுவது.

பழக்கமான கணக்கு ஒன்றை முழுதாகப் பார்க்கலாம். எக்ஸ் × ஒய் என்ற சார்பு. ஒய் எக்ஸ்²-இலிருந்து 2 − எக்ஸ் வரை, எக்ஸ் 0-விலிருந்து 1 வரை. முதலில் உள் லிமிட்டைப் படியுங்கள். ஒய்க்கு எக்ஸில் லிமிட் இருக்கிறது என்றால் பட்டை செங்குத்தாக நிற்கிறது என்று பொருள். அதன் அடி ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்தில், தலை ஒய் = 2 − எக்ஸ் என்ற நேர்கோட்டில். இரண்டும் (1, 1) புள்ளியில் சந்திக்கின்றன. நேர்கோடு ஒய் அச்சை 2-இல் தொடுகிறது. ஆக, பகுதி என்பது ஒய் அச்சு, பரவளையம், நேர்கோடு மூன்றும் சூழ்ந்த ஒரு துண்டு. பென்சிலால் நிழலிடுங்கள்.

இப்போது பட்டையைப் படுக்கவைக்க வேண்டும். ஸ்கேலைக் கிடையாக வைத்து ஒய் = 0-விலிருந்து மேலே நகர்த்திப் பாருங்கள். இடது முனை எப்போதும் ஒய் அச்சில், எக்ஸ் = 0. வலது முனை? ஒய் 1-ஐ எட்டும் வரை பரவளையத்தில், அதாவது எக்ஸ் = √ஒய். 1-ஐத் தாண்டியதும் நேர்கோட்டுக்குத் தாவுகிறது, எக்ஸ் = 2 − ஒய். வலது முனை வேறு வளைகோட்டுக்குத் தாவும் இடத்தில் தொகையை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். மாணவர்கள் விட்டுவிடுவது இந்தப் பிரிவைத்தான். சூத்திரத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது, நகரும் ஸ்கேலில்தான் தெரியும்.

கீழ்த்துண்டு: ஒய் 0 முதல் 1 வரை, எக்ஸ் 0 முதல் √ஒய் வரை. உள்ளே தொகையிட்டால் ஒய்²/2, வெளியே தொகையிட்டால் 1/6. மேல்துண்டு: ஒய் 1 முதல் 2 வரை, எக்ஸ் 0 முதல் 2 − ஒய் வரை. உள்ளே ஒய்(2 − ஒய்)²/2, வெளியே 5/24. இரண்டையும் கூட்டினால் 9/24, அதாவது 3/8. சரிபார்க்க வழி கேள்வியிலேயே இருக்கிறது: கொடுத்த வரிசையிலேயே தொகையிட்டால் 1 − 2/3 + 1/8 − 1/12, அதுவும் 3/8. நேரம் இருந்தால் கட்டாயம் செய்து பாருங்கள்.

இரண்டு வழியும் வரும் என்றால் வரிசையை ஏன் மாற்ற வேண்டும் என்று தோன்றலாம். இ^(ஒய்²) என்ற சார்பை, ஒய் எக்ஸிலிருந்து 1 வரை, எக்ஸ் 0-விலிருந்து 1 வரை தொகையிடச் சொன்னால் காரணம் புரியும். உள்ளே முதல் படியே நகராது. இ^(ஒய்²)-க்கு எளிய சார்புகளில் தொகை கிடையாது. பட்டையைப் படுக்கவைத்தால் எக்ஸ் 0-விலிருந்து ஒய் வரை. உள்தொகை ஒய் × இ^(ஒய்²) ஆகிறது. எக்ஸ் திசையில் கூட்டியதால் ஒரு ஒய் இலவசமாக வந்து சேர்ந்துவிட்டது. அதுதான் பிரதியிடலுக்குத் தேவைப்பட்ட துண்டு. விடை (இ − 1)/2. படம் வரையாமல் லிமிட்டுகளை மட்டும் இடம் மாற்றியவருக்கு வெளி லிமிட்டில் எக்ஸ் தொங்கிக்கொண்டிருக்கும். வெளித் தொகையின் லிமிட் இரண்டும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். அங்கே எழுத்து நின்றால் கணக்கைத் தொடராதீர்கள், அந்த வரியையே திருத்துங்கள்.

போலார் ஆயங்களுக்கு மாறும்போது டிஎக்ஸ் டிஒய் என்பது ஆர் டிஆர் டிதீட்டா ஆகிறது. அந்த ஆர் விட்டுப்போவது இன்னொரு நிரந்தரத் தவறு. சின்னஞ்சிறு துண்டின் படத்தை வரைந்து பாருங்கள்: ஆரத் திசையில் நீளம் டிஆர், வட்டத் திசையில் வில்லின் நீளம் ஆர் × டிதீட்டா. மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக அதே கோணத்துக்கு வில் நீள்கிறது. பீட்சா துண்டின் நுனியும் விளிம்பும் ஒரே அகலமா என்ன? அலகு வைத்தும் பிடித்துவிடலாம். கோணத்துக்கு அலகு இல்லை, ஆகவே டிஆர் டிதீட்டா வெறும் நீளம்தான். பரப்பாக அது இருக்க முடியாது. ஆர் இல்லாமல், ஏ ஆரமுள்ள வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் 2 பை ஏ என்று சுற்றளவு வந்து நிற்கும்.

இந்த ஆர் சில இடங்களில் கணக்கையே காப்பாற்றுகிறது. இ^(−எக்ஸ்²)-ஐ 0 முதல் முடிவிலி வரை தொகையிடும் புகழ்பெற்ற கணக்கில், அதே தொகையை ஒய்யிலும் எழுதி இரண்டையும் பெருக்கினால், முதல் காற்பகுதி முழுவதும் இ^(−ஆர்²) ஆர் டிஆர் டிதீட்டா என்று ஆகிறது. ஆர் இருப்பதால் பிரதியிடல் உடனே நடக்கிறது: ½ × பை/2 = பை/4. ஒற்றைத் தொகை அதன் வர்க்கமூலம், (√பை)/2. நேர்வழியில் தீராத கணக்கு, அகலத்தை மாற்றி எழுதியதால் நாலு வரியில் தீருகிறது. இந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே.

ஜேக்கோபியன் இதன் பொதுவடிவம்தான்: புது மாறிகளில் எடுத்த சின்னத் துண்டு பழைய தளத்தில் எத்தனை மடங்கு பரப்பாகிறது என்ற எண். தலைகீழாகப் போட்டுவிடுவதுதான் இதில் ஆபத்து. யூ = எக்ஸ் + ஒய், வி = எக்ஸ் − ஒய் என்றால், கொடுத்திருப்பது எக்ஸ், ஒய்யில் யூ, வி. அப்படியே அணிக்கோவை போட்டால் −2 வரும். நமக்கு வேண்டியது எக்ஸ், ஒய்யை யூ, வி-யில் எழுதி வரும் அணிக்கோவை, அதாவது இதன் தலைகீழி; குறியை நீக்கினால் ½. சந்தேகம் வந்தால் தெரிந்த ஒரு பரப்பில் சோதியுங்கள். (1, 0), (0, 1), (−1, 0), (0, −1) புள்ளிகளை இணைக்கும் சாய்சதுரத்தின் பரப்பு 2. யூ, வி தளத்தில் அது −1 முதல் 1 வரை இரு பக்கமும் நீளும் சதுரம், பரப்பு 4. நாலில் பாதி 2; ஆக ½ தான் சரி.

சார்பு முடிவிலிக்குப் போகும் தொகைகளில் ஓர் எச்சரிக்கை போதும். 1/எக்ஸ்²-ஐ −1 முதல் 1 வரை கண்ணை மூடிக்கொண்டு தொகையிட்டால் −2 வரும். எங்கும் மிகை மதிப்புள்ள சார்புக்குக் குறைப் பரப்பு எப்படி வரும்? நடுவே எக்ஸ் = 0-வில் சார்பு வெடிக்கிறது; அந்தத் தொகைக்கு மதிப்பே இல்லை. லிமிட்டுகளை மட்டும் பார்க்காமல் நடுவிலும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

பீட்டா, காமாவில் பயமுறுத்துவது பெயர் மட்டும்தான். பீட்டா(எம், என்) என்பது எக்ஸின் ஓர் அடுக்கையும் (1 − எக்ஸ்)-இன் ஓர் அடுக்கையும் பெருக்கி 0 முதல் 1 வரை எடுத்த தொகை; அந்த அடுக்குகள் எம் − 1, என் − 1 என்று ஒன்று குறைந்து நிற்கின்றன. சறுக்கல் எல்லாம் அங்கேதான். எக்ஸ்⁴(1 − எக்ஸ்)³-ஐ 0 முதல் 1 வரை தொகையிட்டால் அது பீட்டா(5, 4): 4! × 3! ÷ 8! = 1/280. அடுக்கை அப்படியே எடுத்து பீட்டா(4, 3) என்று எழுதினால் 1/60 வரும். அந்தச் சார்பின் உச்சம் எக்ஸ் = 4/7-இல், ஏறக்குறைய 0.0084. அகலம் 1 என்பதால் விடை அதைத் தாண்ட முடியாது. 1/60 என்பது 0.0167, தாண்டுகிறது. முதலில் பார்த்த அதே தோராய மதிப்பீடு இங்கேயும் கைகொடுக்கிறது.

சைன், காஸ் அடுக்குகளை பீட்டாவாக மாற்றும் சூத்திரத்தில் முன்னால் ஒரு ½ நிற்கும். அதை மனப்பாடம் செய்பவர்கள் ஒருநாள் மறந்தே தீருவார்கள். டி = சைன்² எக்ஸ் என்று வைத்துப் பாருங்கள். வகையிட்டால் 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் டிஎக்ஸ். ஆகவே டிஎக்ஸுக்குப் பதிலாக வரும் துண்டின் கீழே 2-உம் √டி-உம் √(1 − டி)-உம் நிற்கும். ½ அங்கிருந்து வருகிறது. சைனின் ஆறாவது அடுக்கை இப்படி மாற்றினால் டி³, கீழே இருக்கும் √டியோடு சேர்ந்து டி-யின் 5/2 அடுக்காகிறது. (1 − டி)-க்கு −½ அடுக்கு. ஆக ½ பீட்டா(7/2, 1/2). பீட்டா(எம், என்) என்பது காமா(எம்) × காமா(என்) ÷ காமா(எம் + என்); முழு எண்ணில் காமா(என்) என்பது (என் − 1)!. காமா(7/2) = 5/2 × 3/2 × 1/2 × √பை, காமா(1/2) = √பை, காமா(4) = 6. பெருக்கி வகுத்தால் 15பை/96. மூன்றால் சுருக்கினால் குறைப்புச் சூத்திரம் தந்த அதே 5பை/32.